நொய்யலை உப்பாக்கிய சாயத்தண்ணீர்: தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலைக் கழிவுநீரை ஏன் முறையாகச் சுத்திகரிக்க வேண்டும் என்பதை ஓர் ஆற்றை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யல்தான் அந்த ஆறு. திருப்பூரின் சாயப்பட்டறைகளும் துணியை வெளுக்கும் சலவைப்பட்டறைகளும் அந்த ஆற்றுக்கு என்ன செய்தன, அதைத் தடுக்க என்ன செய்யப்பட்டது என்பதைச் சுற்றியே கீழே உள்ள கேள்விகள் அமைந்திருக்கின்றன.

தொழிற்சாலைக் கழிவுநீருக்கும் வீட்டுச் சாக்கடைக்கும் என்ன வேறுபாடு?

வீட்டுச் சாக்கடையில் இருப்பதில் பெரும்பகுதி மக்கக்கூடிய பொருள். போதிய காற்றும் நேரமும் கிடைத்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். தொழிற்சாலைக் கழிவில் வருவது அந்தந்தத் தொழிலைப் பொறுத்தது. தோல் தொழிற்சாலை என்றால் குரோமியமும் உப்பும், முலாம் பூசும் பட்டறை என்றால் நிக்கல் போன்ற உலோகங்களும் அமிலமும், சர்க்கரை ஆலை என்றால் ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்க்கும் கரிமப் பொருளும் வரும். எனவே எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் ஒரே சுத்திகரிப்பு முறை கிடையாது. சாக்கடைக்குப் போதுமான முறை சாயக்கழிவுக்குப் போதாது.

பனியன் துணிக்குச் சாயம் போடுவதில் அப்படி என்ன கழிவு வந்துவிடுகிறது?

ஒரு பட்டறைக்குள் போய்ப் பார்த்தால்தான் இதன் அளவு புரியும். பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் ரியாக்டிவ் வகைச் சாயங்களையே போடுகிறார்கள். தண்ணீரில் நனைந்த பருத்தி இழையும் எதிர்மின்னூட்டம் கொண்டது, கரைந்த சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கி, சாயத்தை இழையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உப்பு. சாதாரண உப்பு அல்லது கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட் போடுவார்கள். பிறகு சலவைச் சோடா போட்டுக் காரத்தன்மையை ஏற்றினால் சாயம் இழையோடு வேதிப்பிணைப்புக் கொள்ளும்.

அடர்ந்த கருநீல நிறம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ துணி, கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணீர் என்றால் இயந்திரத்தில் 800 லிட்டர் இருக்கும். லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்று வைத்தால் 64 கிலோ உப்பு அந்த ஒரு முறைக்கே கொட்டப்படுகிறது. துணி சாயமேறி வெளியே வரும்போது அந்த 64 கிலோவில் ஏறக்குறைய அத்தனையும் தண்ணீரிலேயே நிற்கும். உப்பு சாயத்தைக் கொண்டுசேர்க்கும் ஆள் மட்டுமே, துணியில் அதற்கு இடமில்லை. சாயத்திலும் ஒரு பகுதி, சில வகைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேலும், பிணையாமல் தங்கிவிடும். அதை அகற்றச் சுடுதண்ணீர் அலசல், சோப்பு அலசல், மறுபடியும் பச்சைத்தண்ணீர் அலசல் என்று துணி பல முறை கழுவப்படுகிறது. சாயமேற்றுவதற்கு முன்பு வெளுப்பதற்கும் தனியாகத் தண்ணீரும் ரசாயனமும் செலவாகும். இத்தனை தண்ணீரும் சேர்ந்ததுதான் சாயக்கழிவு. துணியின் எடையைப் போலப் பல பத்து மடங்கு தண்ணீர்.

கழிவுநீரின் நிறத்தை எடுத்துவிட்டால் போதாதா?

நொய்யல் விவகாரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது என்பேன். நிறம் கண்ணுக்குத் தெரியும். சிவப்பாகவும் ஊதாவாகவும் ஓடும் ஆற்றைப் படம் எடுக்கலாம், பத்திரிகையில் போடலாம். அதனால் ஆரம்ப காலச் சுத்திகரிப்பு முழுக்க நிறத்தைக் குறிவைத்தே நடந்தது. சுண்ணாம்பும் இரும்புச் சல்பேட்டும் கலந்து சாயத்தைக் கட்டியாக்கி அடியில் படியவிட்டு, மேலே தெளிந்த நீரை ஆற்றில் விட்டார்கள். பார்வைக்கு அது நல்ல தண்ணீர்தான். அதில் இருந்த உப்பு அப்படியே இருந்தது.

கரைந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. சுண்ணாம்பு அதைப் படியவைக்காது. மணல் வடிகட்டி அதைப் பிடிக்காது. உப்பு அதிகமாகிப்போன குழம்பை எத்தனை முறை வடிகட்டினாலும் கரிப்பு போகாது என்பது எல்லாச் சமையலறைக்கும் தெரிந்ததுதான். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. சாயக்கழிவில் அது 6,000-ஐத் தாண்டுவது சாதாரணம். நிறம் போன பிறகும் ஏறத்தாழ அதே அளவுதான். குடிநீருக்கு இந்தியத் தர அமைப்பு விரும்பத்தக்கதாகச் சொல்லும் அளவு 500 மில்லிகிராம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நல்ல தண்ணீரைக் கலந்தோ, மழைக்காலத்தில் திறந்தோ விட்டால் அளவு குறைந்துவிடாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6,000 மில்லிகிராம் உப்புள்ள ஒரு லிட்டர் கழிவை 2,100-க்குக் கொண்டுவர, 500 மில்லிகிராம் அளவுள்ள ஆற்றுநீர் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் வேண்டும். திருப்பூரின் சாயக்கழிவு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்று வைத்தால், தினமும் 25 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் ஆற்றில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நொய்யலோ மழை பெய்தால் ஓடுகிற ஆறு. கோடையில் அதில் ஓடுவதே கழிவுதான்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. 10 கோடி லிட்டரில் லிட்டருக்கு 6 கிராம் என்றால் நாளொன்றுக்கு 600 டன் உப்பு. பத்து டன் ஏற்றும் லாரியில் 60 லாரி உப்பை ஒவ்வொரு நாளும் ஆற்றில் கொட்டுவதற்குச் சமம். எவ்வளவு தண்ணீர் கலந்தாலும் இந்த 600 டன்னில் ஒரு கிலோகூடக் குறைவதில்லை. எங்கேயோ ஒரு வயலில், கிணற்றில், அணையில் அது போய் உட்காரும்.

உப்புத் தண்ணீர் பாய்ந்த நிலத்துக்கு என்ன ஆகிறது?

இரண்டு விதமான கேடு நடக்கிறது. முதலாவது, வேரைச் சுற்றியுள்ள ஈரத்தில் உப்பு கூடும்போது பயிரால் அந்தத் தண்ணீரை உறிஞ்ச முடியாது. வயலில் ஈரம் இருக்கும், பயிர் வாடி நிற்கும். இலை நுனி கருகும், தென்னையில் குரும்பை உதிரும், காய் சிறுக்கும்.

இரண்டாவது கேடு மெதுவாக வந்து நீண்ட காலம் தங்குவது. களிமண் துகள்களைப் பொலபொலவென்று பிடித்து வைத்திருப்பது கால்சியம். தண்ணீரோடு வரும் சோடியம் அந்தக் கால்சியத்தை வெளியே தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். மண் நனைந்தால் குழைந்து, காய்ந்தால் ஓடு போல இறுகும். மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்காது. வாய்க்கால் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருக்கும். விரலால் வழித்தால் மாவு போல ஒட்டும். இந்த நிலத்தை மீட்க, கால்சியம் அடங்கிய ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் பாய்ச்சி, உப்பை வடித்து வெளியேற்ற வேண்டும். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கிணறும் உப்பு, ஆறும் உப்பு என்ற நிலையில் பல விவசாயிகள் பண்ணையத்தையே விட்டார்கள்.

ஒரத்துப்பாளையம் அணையில் உண்மையில் என்ன நடந்தது?

சென்னிமலை அருகே, திருப்பூருக்குக் கீழே, நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. இன்றைய ஈரோடு, கரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது நோக்கம். அதே காலத்தில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. சாயப்பட்டறைகள் பெருகின. மேலேயிருந்து வந்த கழிவு அணையில் தேங்கியது. வெயிலில் தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் பின்தங்கி அடர்த்தி கூடிக்கொண்டே போனது. சாயக் கசடு அடியில் படிந்தது.

உலகத்தில் எங்கும் விவசாயிகள் அணையைத் திறக்கச் சொல்லித்தான் போராடுவார்கள். இங்கே திறக்காதீர்கள் என்று போராடினார்கள். திறந்தால் கீழே உள்ள நிலங்கள் கெடும், காவிரியும் கெடும். திறக்காவிட்டால் அணையைச் சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு ஊறும். இரண்டும் நடந்தது. தமக்காகக் கட்டிய அணையை அஞ்சி வாழ வேண்டிய நிலைக்கு ஒரு விவசாயியைத் தள்ளியதைவிடப் பெரிய அநியாயம் இந்த வட்டாரத்தில் நடந்ததில்லை என்பது என் கருத்து. பாதிக்கப்பட்ட 68 கிராமங்களைச் சேர்ந்த 28,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. கெட்ட நிலத்தின் பரப்பையும் இழந்த பருவங்களின் எண்ணிக்கையையும் பார்த்தால், தலைக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்.

நீதிமன்றங்கள் என்ன சொன்னன?

தொடக்கம் நொய்யல் அல்ல, பாலாறு. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடும் தர வேண்டும், நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. இழப்பை மதிப்பிடத் தனி ஆணையம் ஒன்றும் அதன் வழியே வந்தது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறைக்கு மாற வேண்டும் என்று 2006 டிசம்பரில் உத்தரவு வந்தது. பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவின் பக்கமே நின்றது. அதற்குப் பிறகும் கழிவு ஓடியதால், 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. வெளியூரிலிருந்து வந்திருந்த தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அன்றாடக் கூலியை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டைச் சிறிதாக்கிச் சொல்ல மாட்டேன். அவகாசம் கொடுத்தும் செய்யாததற்கான விலையைச் செலுத்தியவர்கள் பெரும்பாலும் அந்தத் தவறில் பங்கில்லாதவர்கள்.

அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அதன்பின் பட்டறைகள் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் கழிவுநீருக்கு என்ன செய்கிறார்கள்?

பட்டறைகளிலிருந்து குழாய் வழியாக வரும் நீர் முதலில் ஒரு பெரிய தொட்டியில் சேர்கிறது. காலையில் கறுப்பும் மாலையில் மஞ்சளுமாக, ஒரு மணிக்குக் காரமும் அடுத்த மணிக்கு அமிலமுமாக வரும் நீரைக் கலந்து ஒரே சீராக்கும் இடம் இது. சூட்டைத் தணித்து, காரத்தன்மையைச் சரிசெய்தபின் காற்றூட்டும் தொட்டிக்குப் போகும். அங்கே நுண்ணுயிர்கள் மக்கக்கூடிய பொருளைத் தின்னும். அந்தத் தொட்டி ஒரு மாட்டுத் தொழுவத்தைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியது. அதிகக் காரமோ வெளுப்புப் பொருளோ தெரியாமல் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் நுண்ணுயிர்கள் கூண்டோடு சாகும், மறுபடி வளர்த்தெடுக்க நாட்கள் பிடிக்கும்.

தெளிந்த நீர் மணல் வடிகட்டி, நுண்வடிகட்டி, கடினத்தன்மையை நீக்கும் பிசின் ஆகியவற்றைக் கடந்து ஆர்.ஓ. சவ்வுகளுக்கு வருகிறது. அதிக அழுத்தத்தில் தண்ணீர் சவ்வைக் கடக்கும், உப்பு பின்தங்கும். பல அடுக்காக இதைச் செய்து, வந்த நீரில் பெரும்பகுதியைப் பட்டறைகளுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அதில் மறுபடி சாயம் போடலாம்.

மீதியிருப்பது உப்பும் நிறமும் செறிந்த அடர்நீர். செலவு பிடிக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஆவியாக்கிகளில் காய்ச்சி அதை மேலும் சுண்டவைக்கிறார்கள். சோடியம் சல்பேட்டுக்கு ஒரு வசதி உண்டு: சூட்டில் நன்றாகக் கரையும், குளிர்ந்தால் படிகமாகப் பிரியும். எனவே அடர்கரைசலைக் குளிரவைத்து கிளாபர் உப்பைப் பிரித்தெடுத்துச் சாயப்பட்டறைக்கே திரும்பக் கொடுக்க முடிகிறது. சில நிலையங்கள் அடர்நீரின் நிறத்தை ஓசோன் கொண்டு நீக்கி, உப்புக் கரைசலாகவே மறுபயன்பாட்டுக்கு அனுப்புகின்றன. ஆற்றைக் கெடுத்த அதே உப்பு மறுநாள் கச்சாப்பொருளாக வேலைக்குத் திரும்புவது இந்த முறையின் சிறந்த அம்சம்.

ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாமே?

பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. சிறு பட்டறைகளுக்கு ஆவியாக்கி வாங்குவதோ, அதை இயக்கத் தெரிந்த ஆளை வைப்பதோ கட்டுப்படியாகாது. அதனால்தான் பொது நிலையம்.

கடைசியில் எஞ்சும் கசடும் கலவை உப்பும் எங்கே போகின்றன?

இந்த முறையின் பலவீனமான இடம் இதுதான். கசடில் ஒரு பகுதியைச் சிமெண்ட் ஆலைகளின் சூளைகளுக்கு அனுப்புகிறார்கள். எதற்கும் பயன்படாத கலவை உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்படுகிறது. கூரை ஒழுகினால், தரை விரிசல் விட்டால், மழையில் கரைந்து பழைய இடத்துக்கே போகும்.

கசடை அலட்சியமாக வைத்தால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டை காட்டிவிட்டது. 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட் வளாகத்தில் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாசைத் தடுப்பதற்கென்று கட்டிய இடத்திலேயே நடந்த சாவுகள் அவை.

தொட்டிகளைச் சுத்தம் செய்யும்போது தொழிலாளர்கள் இறப்பது ஏன்?

காற்றில்லாமல் தேங்கிய கழிவில் இருக்கும் சல்பேட்டைச் சில நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றுகின்றன. சாயக்கழிவில் சல்பேட் ஏராளம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் சில மூச்சுகளில் சாய்வார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் சாய்வார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறப்பது இப்படித்தான். வாயுவை அளக்கும் கருவி, காற்றை உள்ளே செலுத்தும் ஊதுகுழல், மூச்சுக்கருவி, மேலே கயிற்றோடு நிற்கும் ஆள் ஆகியவை இல்லாமல் யாரையும் இறங்கச் சொல்லக் கூடாது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்குவது பாதுகாப்பு ஆகாது. இறங்க மாட்டேன் என்று சொல்லும் தொழிலாளியின் பக்கம் முழு நியாயமும் இருக்கிறது.

எல்லாவற்றையும் குழாய் போட்டுக் கடலில் விட்டுவிட்டால்?

இந்த யோசனையும் திருப்பூரில் எழுந்தது. கடல் வெகு தொலைவு. வழியில் குழாய் எங்கே உடைந்தாலும் அங்கே ஒரு புதிய ஒரத்துப்பாளையம் உருவாகும். மீனவர்களும் இதே நாட்டின் குடிமக்கள்தானே.

இவ்வளவு செலவைத் தொழில் தாங்குமா?

சுத்திகரிப்புச் செலவு உண்மையிலேயே அதிகம். மின்சாரமும் ஆவி உண்டாக்கும் எரிபொருளுமே பெரும்பகுதியைத் தின்றுவிடும். இதே கட்டாயம் இல்லாத ஊர்களோடும் நாடுகளோடும் திருப்பூர் விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது என்ற புகாரில் நியாயம் உண்டு. அதற்கு மருந்து விதியை எல்லா ஊருக்கும் பொதுவாக்குவது. திருப்பூருக்கு மட்டும் தளர்த்துவது மருந்தாகாது.

முன்பு இந்தச் செலவு இல்லாமல் இருக்கவில்லை. கிணறு கெட்ட விவசாயி லாரித் தண்ணீர் வாங்கியதும், ஆடுமாடுகளை விற்றதும் அதே செலவுதான். பட்டறையின் கணக்குப் புத்தகத்தில் அது எழுதப்படவில்லை, அவ்வளவே. மலிவாக இருந்த பனியனின் விலையில் ஒரு பங்கை ஒரத்துப்பாளையத்துக்காரர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று வெளிநாட்டு வாங்குபவர்கள் கழிவு மேலாண்மையைக் கேட்டறிந்தே ஆர்டர் கொடுக்கும் போக்கு வளர்ந்திருக்கிறது என்பதால், அன்று சுமையாகத் தெரிந்தது இன்று திருப்பூருக்குச் சொல்லிக்கொள்ளும் தகுதியாகவும் ஆகியிருக்கிறது.

இப்போது நொய்யல் சுத்தமாகிவிட்டதா?

இல்லை. 2011-க்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் சாயக்கழிவு வெகுவாகக் குறைந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மழை பெய்யும் இரவுகளில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் ஓயவில்லை. அனுமதியில்லாமல் இயங்கும் சிறு பட்டறைகள் மூடப்படுவதும் வேறிடத்தில் முளைப்பதுமாக இருக்கின்றன. பவானி, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரியிலும் சாயக்கழிவுப் புகார்கள் உண்டு. கோவை, திருப்பூர் நகரங்களின் வீட்டுச் சாக்கடையும் நொய்யலில் சேர்கிறது. ஆற்றில் மலை போல நுரை பொங்கினால் எல்லாப் பழியையும் சாயப்பட்டறை மேல் போட்டுவிட முடியாது, குளியலறைச் சோப்புக்கும் அதில் பங்குண்டு. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய பழைய உப்பு மழை மழையாகக் கரைந்துதான் வெளியேற வேண்டும்.

எங்கள் ஊர் ஓடையில் நிறம் மாறிய தண்ணீர் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

முதலில் நாள், நேரம், இடம் தெரியும்படி படம் எடுங்கள். ஓடையில் மேலேறிப் போய், எந்த இடத்தில் நிறம் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த இடத்தின் படம்தான் பயன்படும். கரைந்த உப்பை அளக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு எடுத்துக் குறித்துவையுங்கள். நிறமே இல்லாத நாளிலும் அளந்து பாருங்கள்.

புகாரை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். நீங்களே பாட்டிலில் பிடித்துவைக்கும் நீர் விசாரணைக்கு உதவும். ஆனால் நீர் மாசு தடுப்புச் சட்டம், 1974-இன்படி சாட்சியமாக நிற்பது, வாரிய அதிகாரி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுக்கும் மாதிரிதான். எனவே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிகாரியை வரவழைக்க முயலுங்கள். வாரியம் அசையாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் செய்யும் உரிமையை அதே சட்டம் பொதுமக்களுக்குத் தந்திருக்கிறது. சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வையும் அணுகலாம். ஊராட்சியின் தீர்மானமும், பாதிக்கப்பட்ட கிணறுகளின் நீர்ப் பரிசோதனை அறிக்கைகளும் கையில் இருந்தால் வழக்கு வலுவாக நிற்கும்.